பழைய படகு எஞ்சினும் அதைக் கிளப்பும் பேட்டரியும்

படகு எஞ்சினுக்கு வயது அதிகம். அதை மின்சாரத்தால் கிளப்பும் வழக்கம் பின்னால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எண்ணெய் எஞ்சின்கள் படகுகளில் ஏறத் தொடங்கியபோது, அவற்றைக் கிளப்புவதற்கு மனிதக் கை, நெருப்பு, அழுத்தக் காற்று ஆகிய மூன்றுதான் இருந்தன. நான்காவதாக வந்த பேட்டரி, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் மற்ற மூன்றையும் சிறு படகுகளிலிருந்து பெரும்பாலும் வெளியேற்றிவிட்டது. ஐம்பது, அறுபது ஆண்டு ஓடிய எஞ்சினுக்கு இன்று மாற்றுப் பேட்டரி தேடுபவர் முன் நிற்கும் கேள்விகள் பல: எத்தனை வோல்ட், எவ்வளவு ஆம்பியர், எந்த வகை, எந்த முனை எஞ்சின் உடலோடு சேர வேண்டும். இவை எல்லாமே அந்த மாற்றம் நடந்த விதத்தில் பிறந்தவை. எஞ்சின் எந்தக் காலத்தது என்று அறியாமல் பேட்டரி வாங்குவது வீண் செலவில்தான் முடியும்.

பேட்டரி இல்லாத காலத்தை முதலில் பார்க்க வேண்டும். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்ற எண்ணெய் எஞ்சினை, இங்கிலாந்தின் கிரந்தம் நகரிலிருந்த ஹார்ன்ஸ்பி நிறுவனம் 1892இல் விற்பனைக்குத் தயாரித்தது. அதன் வழியில் வந்த சூடுகுமிழ் எஞ்சின்கள் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மீன்பிடிப் படகுகளில் பல பத்தாண்டுகள் ஓடின. ஸ்வீடனின் போலிண்டர் எஞ்சின் ஐரோப்பியக் கால்வாய்ப் படகுகளிலும் பேர் பெற்றது. சிலிண்டரின் தலையில் வார்ப்பிரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். எண்ணெய் பற்றிக்கொள்ள அந்தக் குமிழ் சூடாக இருந்தாக வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால் தன் வெப்பத்திலேயே அது சூடாக இருக்கும். குளிர்ந்து கிடக்கும்போது வெளியிலிருந்து சூடேற்றுவதைத் தவிர வழியில்லை. ஊதுவிளக்கில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, காற்றடித்து, நீலச் சுடர் சீறத் தொடங்கியதும் குமிழின் கீழே மாட்டுவார்கள். குமிழ் மங்கிய சிவப்புக்கு வர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். பிறகு கனத்த பறசக்கரத்தை (ஃப்ளைவீல்) கையாலோ காலாலோ முன்னும் பின்னும் ஆட்டி, அமுக்கத்துக்கு எதிராக ஓர் உந்து கொடுத்தால் எஞ்சின் எடுத்துக்கொள்ளும். சில சமயம் தலைகீழாகவும் எடுத்துக்கொள்ளும். அலை மோதும் படகில், எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே, திறந்த சுடரோடு தினமும் செய்த வேலை இது.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. அதற்குச் சூடுகுமிழ் தேவையில்லை. காற்றைக் கடுமையாக அமுக்கியே எண்ணெயைப் பற்றவைத்தது. ஆனால் அந்த அமுக்கத்துக்கு எதிராக எஞ்சினை முதல் சுற்று சுற்றுவது மனிதக் கைக்கு மீறிய வேலை. ஆகவே எஃகுப் புட்டியில் சேமித்த அழுத்தக் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுப் பிஸ்டனைத் தள்ளினார்கள். 1912இல் சேவைக்கு வந்த டென்மார்க்கின் ‘செலாண்டியா’ போன்ற முதல் மோட்டார் கப்பல்களும், இன்றைய பெரிய சரக்குக் கப்பல்களும் கிளம்புவது காற்றால்தான். பெரிய எஞ்சினுக்கு இதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை. சிறு படகுக்கோ புட்டி, கம்ப்ரஸர், வால்வு என்று அவ்வளவையும் சுமக்க இடமில்லை.

எனவே சிறு டீசல் எஞ்சின்காரர்கள் வேறு உபாயங்களைத் தேடினார்கள். மான்செஸ்டர் அருகே இயங்கிய கார்ட்னர் நிறுவனம் 1931இல் கொண்டுவந்த எல்.டபிள்யூ. வரிசை எஞ்சின்களைக் கையால் சுற்றியே கிளப்ப முடிந்தது. வால்வுகளைத் தூக்கிப் பிடிக்கும் டிகம்ப்ரஷன் லிவரைத் திருப்பிவிட்டால் அமுக்கம் இல்லாமல் எஞ்சின் லேசாகச் சுழலும். பறசக்கரம் வேகம் பிடித்ததும் லிவரை விட்டால் அந்த வேகமே முதல் வெடிப்பைக் கொண்டுவந்துவிடும். கிளாஸ்கோவின் பெர்ஜியஸ் நிறுவனம் ‘கெல்வின்’ என்ற பெயரில் விற்ற கே வரிசை டீசல் எஞ்சின் இன்னும் வினோதமானது. அதில் கார்புரேட்டரும் மேக்னட்டோவும் ஸ்பார்க் பிளக்கும் இருந்தன. முதலில் ஒரு தனி அறையைத் திறந்து அமுக்கத்தைக் குறைத்து, பெட்ரோல் எஞ்சினாகக் கைப்பிடி போட்டுக் கிளப்புவார்கள். சற்றுச் சூடேறியதும் நெம்புகோலைத் தள்ளினால் அதே எஞ்சின் டீசலுக்கு மாறிக்கொள்ளும். ஸ்காட்லாந்து மீனவர்கள் இவற்றை மிக நம்பினார்கள். காரணம் எளிது: கடல் நடுவே செத்துப்போக அதில் பேட்டரி என்ற ஒன்றே இல்லை. பேட்டரிக்கு எதிரான இந்த வாதம் வலுவானது, இன்றும் செல்லாத வாதமல்ல. பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிகள் உயிர்காப்புப் படகின் எஞ்சினுக்குக் கையால் கிளப்பும் வசதியை ஏற்கின்றன. மின்சாரம் போன்ற வேறு ஆற்றலால் கிளப்புவதென்றால், ஒன்றையொன்று சாராத, மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய இரண்டு ஆற்றல் மூலங்கள் இருக்க வேண்டும் என்கின்றன. ஒற்றைப் பேட்டரியை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைக்க அந்த விதி இடம் தரவில்லை.

பேட்டரியின் பிறப்பு எஞ்சினுக்கு முந்தியது. பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே 1859இல் இரண்டு ஈயத் தகடுகளை இடையே துணி வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் கலத்தைச் செய்தார். தகடுகளைப் பக்குவப்படுத்த நெடுநாள் ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டியிருந்தது. 1881இல் கமில் ஃபோர் ஈய ஆக்சைடைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டில் பூசும் முறையைக் கொண்டுவந்தபின் உற்பத்தி வேகம் பிடித்தது. களிம்பு உதிராமல் பிடித்துக்கொள்ளக் கட்டம் கட்டமான ஈயச் சட்டமும், அதை உறுதியாக்க ஆன்டிமனி கலந்த உலோகமும் அதே காலத்தில் வந்தன. ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு செல் சேர்ந்தால் 12. இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. 1886இல் ‘வோல்டா’ என்ற மின்படகு இந்தப் பேட்டரிகளின் பலத்தில் டோவரிலிருந்து கலே துறைமுகம் போய்த் திரும்பியது. எஞ்சினைக் கிளப்பும் வேலைக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே பேட்டரி படகையே ஓட்டியிருக்கிறது.

கிளப்பும் வேலை அதற்குக் கிடைத்தது காரின் வழியாக. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1911இல் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. எஞ்சினைச் சுற்ற அதற்கு ஈடான பெரிய மோட்டார் வேண்டும் என்றே அதுவரை பலரும் நினைத்தார்கள். கெட்டரிங் கண்ட உண்மை வேறு. மோட்டார் சில நொடிகள் மட்டுமே உழைக்கப்போகிறது. ஆகவே சிறிய மோட்டாருக்கு அதன் சக்திக்கு மீறிய மின்னோட்டத்தைக் கொடுக்கலாம், சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஸ்டார்ட்டர் பேட்டரி என்ற தனி இனம் பிறந்தது இந்தக் கணக்கிலிருந்துதான். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுத்துவிட்டு, உடனே டைனமோவிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வது அதன் வேலை. அதற்காக மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கினார்கள். அமிலம் தொடும் பரப்பு கூடக் கூட மின்னோட்டமும் கூடும். மாறாக, விளக்கையும் பம்பையும் மணிக்கணக்கில் இயக்க வேண்டிய பேட்டரிக்குத் தடித்த தகடுகள் குறைந்த எண்ணிக்கையில் போதும். மெல்லிய தகட்டுப் பேட்டரியை இரவெல்லாம் விளக்குக்கு வடித்தால் களிம்பு உதிர்ந்து சீக்கிரம் சாகும். தடித்த தகட்டுப் பேட்டரியை எஞ்சின் கிளப்பக் கேட்டால் இழுத்து இழுத்துத் திணறும். படகில் இரண்டு வேலைக்கும் ஒரே பேட்டரியை வைத்தவர்கள் பட்ட பாட்டிலிருந்துதான் தனித்தனிப் பேட்டரிகளும், ‘1, 2, இரண்டும்’ என்று திருப்பும் சுவிட்சும் வழக்கத்துக்கு வந்தன.

பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் அதிகம் கேட்கும். அமுக்கமே அதற்கு நெருப்பு; போதிய வேகத்தில் சுற்றாவிட்டால் அமுக்கப்பட்ட காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். செல்ஃப் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இந்த வேகக் குறைவுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் வெளியிட்ட 71 வரிசை இரண்டு ஸ்ட்ரோக் டீசல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ‘கிரே மரைன்’ எஞ்சினாக ஹிக்கின்ஸ் தரையிறங்கு படகுகளில் ஆயிரக்கணக்கில் ஏறியது. கரையில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கைப்பிடி போட நேரம் கிடையாது. அங்கே மின் ஸ்டார்ட்டர் கட்டாயமாயிற்று. போர் முடிந்ததும் உபரியாக விற்கப்பட்ட அந்த எஞ்சின்கள் அமெரிக்க மீன்பிடிப் படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும் போயின. அவற்றோடு பெரிய லாரி பேட்டரிகளும் படகில் இடம்பிடித்தன. அமெரிக்க அளவுப் பெயரில் ‘8டி’ எனப்படும் பேட்டரியை ஓர் ஆள் தனியே தூக்குவது கடினம். பழைய படகின் பேட்டரிப் பெட்டி ஏன் இத்தனை அகலமாக இருக்கிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது.

வோல்ட் விஷயத்தில் வரலாறு ஒரே நேர்கோட்டில் போகவில்லை. கார்கள் நெடுங்காலம் 6 வோல்ட்டில் ஓடின. 1950களின் நடுவில்தான் அமெரிக்கக் கார்கள் பரவலாக 12க்கு மாறின. மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணைகளுக்காக 1916இல் வந்த ‘டெல்கோ லைட்’ நிலையம் 32 வோல்ட்டில் இயங்கியது. அதே 32 வோல்ட்டைப் படகுக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள், விளக்கு முதல் ஸ்டார்ட்டர் வரை. 16 செல் வேண்டிய அந்த ஏற்பாட்டுக்கு 8 வோல்ட் பேட்டரி நான்கைத் தொடராக இணைப்பார்கள். பண்ணைகளுக்கு மின்கம்பி வந்தபின் 32 வோல்ட் சாமான்கள் அருகிப்போயின. இன்று அப்படிப்பட்ட படகை வாங்கியவர் 8 வோல்ட் பேட்டரி தேடி அலைவதா, ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் மாற்றி 12 அல்லது 24க்கு வருவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எஞ்சினை இன்னும் பல ஆண்டு ஓட்டும் எண்ணம் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. பாதி மாற்றுவது மட்டும் ஆபத்து. பழைய 32 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 24 வோல்ட் கொடுத்தால் சுற்றும், ஆனால் டீசலுக்கு வேண்டிய வேகத்தில் சுற்றாது.

பிரிட்டிஷ் எஞ்சின்களில் இன்னொரு கண்ணி உண்டு. 1960களின் பிற்பகுதி வரை அங்கே பல கார்களிலும், கார் எஞ்சினிலிருந்து கடலுக்கேற்ப மாற்றிய படகு எஞ்சின்களிலும் பேட்டரியின் நேர்முனைதான் எஞ்சின் உடலோடு இணைக்கப்பட்டது. இன்றைய வழக்கம் நேர்மாறு. டைனமோ உள்ளவரை தவறாக மாட்டியதைத் திருத்திக்கொள்ள வழி இருந்தது. ஆனால் 1960களில் சிலிக்கான் டையோடு வைத்த ஆல்டர்னேட்டர் வந்தபின் அந்தச் சலுகை போயிற்று. முனை மாறிய நொடியே டையோடு எரியும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சுவிட்சை முழுவதும் அணைத்தாலும் அதே கதிதான். பழைய எஞ்சினுக்குப் பேட்டரி மாற்றுமுன் கறுப்பு வயர், சிவப்பு வயர் என்ற நிறத்தை நம்பாமல், எந்த முனையின் கேபிள் எஞ்சின் உடலில் முறுக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது அவசியம்.

டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் உள்ள வேறுபாடு பேட்டரித் தேர்வையே மாற்றுகிறது. லூகாஸ் சி40 போன்ற டைனமோ முழு வேகத்தில் 22 ஆம்பியர் அளவே தரும். எஞ்சின் மெதுவாக ஓடினால் அநேகமாக ஒன்றுமே தராது. துறைமுகத்துக்குள் ஊர்ந்து போய் வரும் படகின் பேட்டரி, தினம் கொஞ்சம் இழந்து, பாதி சார்ஜிலேயே வாழும். பாதி சார்ஜில் கிடக்கும் ஈயத் தகட்டில் படியும் ஈய சல்பேட், நாளாக நாளாகக் கடினப்பட்டு மீண்டும் கரையாமல் போகும். பழைய படகுகளில் பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் இந்தச் சல்பேட் நோய்தான். அப்படிப்பட்ட படகில் இன்னும் பெரிய பேட்டரி வைத்தால் சிக்கல் தீராது. நிரப்ப முடியாத பெரிய பாத்திரம் அது.

பேட்டரியின் உள்ளும் மாறிக்கொண்டே வந்தது. ஆன்டிமனி கலந்த தகடு ஆழமாக வடிந்தாலும் தாங்கும், ஆனால் தண்ணீரை விரைவாக வற்றவைக்கும். மாதா மாதம் மூடியைத் திறந்து டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும். 1930களில் பெல் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி நிலையங்களுக்காகச் செய்த ஈய–கால்சியம் கலவை அந்த வற்றலைக் குறைத்தது. 1971இல் டெல்கோ ‘ஃப்ரீடம்’ பேட்டரி அதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் சோனென்ஷைன் நிறுவனம் 1950களின் இறுதியில் அமிலத்தைக் கூழாக உறையவைத்தது. அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலத்தை ஊறவைத்து அடைத்தது. கவிழ்ந்தாலும் சிந்தாது, அதிர்வைத் தாங்கும் என்பதால் இரண்டும் படகுக்காரர்களை ஈர்த்தன. கடலில் அமிலம் சிந்துவது சின்ன விஷயமல்ல: உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் பட்டு அறிந்தார்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனும் அப்படியே. 1916 ஜனவரியில் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் இ-2 என்ற நீர்மூழ்கிக்குள் பேட்டரிச் சோதனையின்போது ஹைட்ரஜன் வெடித்து உயிர்கள் போயின. எந்த வகைப் பேட்டரியானாலும் பெட்டியில் காற்றுத் துளை வேண்டும் என்ற விதி இத்தகைய விபத்துகளின் பாடம்.

ஆனால் கூழ் பேட்டரியைப் பழைய எஞ்சினில் வைப்பது நல்ல யோசனையல்ல. சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டரின் அதிரும் தொடுமுனைகள், தண்ணீர் ஊற்றும் பேட்டரியை மனத்தில் வைத்துச் சரிசெய்யப்பட்டவை. வோல்ட் சற்று மீறினால் சாதாரணப் பேட்டரி கொஞ்சம் தண்ணீரைக் கொதித்து இழக்கும், ஊற்றிக்கொள்ளலாம். கூழிலோ குமிழிகள் விழுந்த இடம் திரும்ப மூடாது. பஞ்சுப் பேட்டரியும் இழந்த தண்ணீரைத் திரும்பப் பெற முடியாது. லிதியம் பேட்டரிக்கு வோல்ட் கட்டுப்பாடு இன்னும் துல்லியமாக வேண்டும். மேலும், அதன் காவல் சுற்று திடீரென இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டருக்குக் கேடு.

பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களுக்கும் ஓர் ஊர் உண்டு. ‘குளிர் கிராங்கிங் ஆம்பியர்’ என்பது குளிர்நாட்டு அளவு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 12 வோல்ட் பேட்டரி 30 நொடி கொடுத்தும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் தாங்கும் மின்னோட்டம் அது. ‘மரைன் கிராங்கிங் ஆம்பியர்’ 0 டிகிரியில் அளக்கப்படுவது. அதனால் ஒரே பேட்டரிக்கு இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக இருக்கும். இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே அளவைப் பார்க்காவிட்டால் ஏமாற்றம் நிச்சயம். எஞ்சின் கையேட்டில் ஆம்பியர்-மணி மட்டும் கொடுத்திருந்தால், அது பழைய கனத்த பேட்டரியைக் குறித்தது. அதே ஆம்பியர்-மணி உள்ள இன்றைய ஸ்டார்ட்டர் பேட்டரி பொதுவாக அதைவிட அதிக மின்னோட்டம் தரும்.

வெப்பநாட்டுக் கரையில் கணக்கு வேறு. 1952இல் கையெழுத்தான இந்திய–நார்வே ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் எஞ்சின் படகுகளைப் புகுத்தும் திட்டம் தொடங்கியது. அதே பத்தாண்டில் தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் வரத் தொடங்கின. பின்னாளில் இழுவலைப் படகுகள் பெருகியபோது அசோக் லேலண்ட் போன்ற லாரி எஞ்சின்களின் கடல் வடிவங்கள் ஏறின. லாரியைப் போலவே இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராகச் சேர்ந்து 24 வோல்ட். இங்கே எஞ்சின் எண்ணெய் குளிரில் உறைவதில்லை, ஆகவே குளிர் எண்ணைத் துரத்தி அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பேட்டரிக்கு இங்கே எதிரி சூடு. வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. அதனால்தான் குளிர்நாட்டில் 1.280 வரை அடர்த்தியுள்ள அமிலம் ஊற்றும் இடத்தில், இங்கே 1.240 அளவில் ஊற்றுகிறார்கள். எஞ்சின் அறையின் சூட்டிலிருந்து பேட்டரியைத் தள்ளி வைத்தால் ஆயுள் கூடும், ஆனால் கேபிள் நீளும். நீண்ட கேபிளுக்குத் தடிமனும் கூட வேண்டும். தொடர் இணைப்பில் இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் செத்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் ஒன்று நிரம்பாமலும் மற்றது அளவுமீறி ஏறியும் இரண்டும் கெடும்.

மாற்றுவதற்கு முன் பேட்டரிதான் குற்றவாளியா என்று உறுதிசெய்வது பணத்தை மிச்சப்படுத்தும். நன்றாக ஏற்றி ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது டெர்மினலில் மீட்டரை வைத்தால் 10 வோல்ட்டுக்கு அருகிலாவது நிற்க வேண்டும். அங்கே நின்று, ஸ்டார்ட்டரில் வைத்தால் 8தான் வருகிறது என்றால் குற்றம் நடுவிலுள்ள கேபிளில் இருக்கிறது. உப்புக்காற்றில் பச்சை பூத்த கேபிள் முனை லக்கைச் சுரண்டி முறுக்கினாலே பாதி வேலை முடியும். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் தாழ்ந்து கிடந்தால் பேட்டரி முடிந்தது. ஸ்டார்ட்டரே தேய்ந்து அதிக மின்னோட்டம் இழுப்பதும் உண்டு. பழைய நேரடிச் சுழல் ஸ்டார்ட்டருக்குப் பதில் பல்சக்கரக் குறைப்புள்ள புதிய ஸ்டார்ட்டர் வைத்தால், அதே பேட்டரி எஞ்சினை வேகமாகச் சுற்றும்.

டைனமோவும் பழைய ரெகுலேட்டரும் இன்னும் வேலை செய்யும் டீசல் படகுக்கு, மூடி திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய ஈய–அமில ஸ்டார்ட்டர் பேட்டரியே இன்றும் பொருத்தம். எஞ்சின் கையேடு கேட்கும் வோல்ட், கேட்கும் அளவு, அதற்கு மேல் வேண்டாம். ஆல்டர்னேட்டருக்கும் புதிய ரெகுலேட்டருக்கும் மாறிய படகில், அதிர்வு அதிகமானால், கண்ணாடிப் பஞ்சுப் பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் மீன் தேடும் கருவிக்கும் தனிப் பேட்டரி வைக்க வேண்டும். எஞ்சின் கிளப்பும் பேட்டரியிலிருந்து வேறு எதற்கும் வயர் எடுக்கக் கூடாது.